ஏழாவது கட்டம்

உலகத்தில் இதுவரை வெளிப்பட்ட உண்மைகளில் பெரும்பகுதி எங்கள் குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்றால் தற்பெருமை என்பீர்கள். சரி, பாதி என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் புகார்ப் படிவத்தில் ஏழாவது கட்டம், 'காரணமானவர் பெயர்'. அதைக் காலியாக விட்டால் கோப்பு மேலே போகாது. 'தெரியவில்லை' என்று எழுதினால் திரும்பி வரும். குழாய் துருப்பிடித்து உடைந்தாலும் ஓர் ஆள் பெயர் வேண்டும். கண்காணிப்பாளராக இருக்கும் இந்த இருபத்திரண்டு வருடங்களில் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் காக்கையிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்போம்.

இப்படிப்பட்ட பிரிவு இருக்கும்போது, கொள்ளைநோயின் காரணத்தை விஞ்ஞானிகள் தனியாகத் தேடியது வீண்வேலை.

ஆராய்ச்சியை 'அகராதி' தொடங்கி வைத்தார். எதற்கும் பதில் வைத்திருக்கும் குமாஸ்தா என்பதால் அந்தப் பெயர்.

"சார், ஊரையே பூட்டி வச்சிருக்கு. இவ்வளவு பெரிய விஷயத்துக்குக் கண்ணுக்கே தெரியாத கிருமியா காரணம்? நம்புற மாதிரியா இருக்கு?"

"அளவே ஒத்து வரலையே" என்றேன் நான், ஆழ்ந்து.

"தெருவுல புது விளக்கு எப்ப போட்டாங்க? போன மாசம். காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

"போன மாசம்!" என்றார் தட்டச்சரம்மா. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

விளக்கு நிறுவனத்துக்குக் கடிதம் போட்டோம். 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று பதில் வந்தது. எந்தத் திருடன் ஒத்துக்கொண்டிருக்கிறான்? கோப்பில் 'ஆதாரம் ஒன்று' என்று சேர்த்தோம். இரண்டாவது கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. மௌனம் சம்மதம். ஆதாரம் இரண்டு. பிறகு நான் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியே மூன்று பேர் வழியாக எனக்குத் திரும்பி வந்தது. மூன்று சாட்சிகள்! மெய்சிலிர்த்துப் போனேன்.

அடுத்த வருடம் தடுப்பூசி வந்தது. விளக்கு போட்டவர்களுக்கும் ஊசி போடுகிறவர்களுக்கும் தொடர்பில்லாமலா இருக்கும்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் எங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு.

"எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஊசி போட்டுக்கிட்டு வந்தாரு. மறுநாளே மாடிப்படில உருண்டுட்டாரு சார்" என்றார் தட்டச்சரம்மா.

அதைப் பதிவு செய்தோம். எங்கள் அலுவலகத்திலேயே இருநூறு பேர் போட்டுக்கொண்டு ஒழுங்காகப் படியேறிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகாதவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சேர்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சினன் வந்து நின்றான். மனைவியின் ஒரே தம்பி. எங்கள் அலுவலகத்திலேயே வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுப்பவன். சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு உண்டு.

"மாமா, இன்னைக்குக் கீழ முகாம் இருக்கு. போட்டுக்கட்டுமா? தினம் நாப்பது வீடு ஏறி எறங்குறேன், பயமா இருக்கு."

"மாப்ள, அறிக்கை இன்னும் முடியல. ஒரு வாரம் பொறு."

"நீங்க சொன்னா சரி மாமா."

என்மேல் அவனுக்கு அவ்வளவு மரியாதை. ஒரு வாரம் பொறுத்தான். அறிக்கை முடியவில்லை, இன்னொரு வாரம் பொறுத்தான். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. அங்கே பொறுக்க அவனால் முடியவில்லை.

பத்து நாள் கழித்து என் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். என் அறைக்கு வராமல் ஜன்னல் வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரு படிவம் கேட்டாள். நூலில் கட்டிய பேனாவால் நின்றபடியே எழுதி, ஜன்னலுக்கு எழுந்து வந்த என்னிடம் நீட்டினாள்.

புகார்: என் தம்பி செத்துப்போனான்.

ஏழாவது கட்டம் காலியாக இல்லை. என் பெயரையும் பதவியையும் பிழையில்லாமல் எழுதியிருந்தாள்.

"ரசீது குடுங்க" என்றாள். கொடுத்தேன். போய்விட்டாள்.

அவசரக் கூட்டம் கூட்டினேன். பிரிவு என்னைக் கைவிடவில்லை.

"சார், ஒரு வார்த்தை சொன்னதுக்குப் போயி ஒரு உசுரு போகுமா? அளவே ஒத்து வரலையே" என்றார் அகராதி.

"எல்லாம் அந்தக் கிருமி சார். கண்ணுக்கே தெரியாது. யாரைக் குத்தம் சொல்றது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் தட்டச்சரம்மா.

ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு வருட ஆராய்ச்சியில் கிடைக்காத விஞ்ஞானத் தெளிவு எங்களுக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்தது. வெள்ளை மையை எடுத்து ஏழாவது கட்டத்தில் தடவி, காயும்வரை ஊதி, அதன்மேல் 'கிருமி' என்று எழுதி முத்திரை குத்தினேன்.

இருபத்திரண்டு வருடங்களில் அந்தக் கட்டத்தில் சரியான பெயர் விழுந்தது ஒரே ஒரு முறைதான். அழித்ததும் அந்த ஒரு பெயரைத்தான்.