மேடை வரைக்கும்தான் சாலை

கலைவிழாவுக்குப் போய்ச் சாலையில் கொட்டிய கப்பிக்கல்லை ரசித்துவிட்டு வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் 'ஆராய்ச்சி' கிராணி.

எழுபதுகளின் கடைசியில், புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கலைவிழாவால் ஒரு வட்டாரம் எப்படி முன்னேறுகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. மெர்போக்கில் நாடகம் என்றாலும், சிடாம் கிரியில் நடனம் என்றாலும் சைக்கிளில் கிளம்பிவிடுவார். போனால் மேடையைப் பார்க்கமாட்டார், தரையைத்தான் குனிந்து பார்ப்பார்.

"ஆட்டம் எப்படிங்கய்யா?" என்று கேட்டால், "அத விடு லா. கப்பி புதுசு," என்பார்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர், அதாவது எங்கள் 'ஒய்பி', வருகிறார் என்றால், அவர் கார் சேற்றில் மாட்டி மானம் போகக்கூடாதென்று தோட்ட மானேஜர் முதல்நாளே கப்பி கொட்டி ரோலர் விடுவார். அதுவும் மேடை வரைக்கும்தான். அதைத் தாண்டி ஒரு கூடைக் கல் விழாது.

தொழிலாளர் வீட்டு வரிசைகளில் நான் குடியிருந்த கடைசி லயத்துக்கு வெறும் சேற்றுப் பாதை. நோயாளியைக் கைலியில் கிடத்தி மெயின் ரோடு வரை சுமக்க வேண்டும். என் மனைவியோ முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். எனக்குப் பயம்.

கிராணி பொங்கலுக்கு விழா வைத்தார், சித்திரைக்கு வைத்தார், ஆடிக்கும் வைத்தார். ஒவ்வொரு முறையும் மேடை எங்கள் லயத்தை நோக்கி நகர்ந்தது. நடிக்க ஆள் பஞ்சம் என்பதால் எல்லா நாடகத்திலும் நானே ராஜா. விடிகாலையில் மரம் வெட்டி, பால் தூக்கி, மத்தியானம் ஒத்திகை. அலுத்துச் சலித்துவிட்டது.

"ஐயா, உடம்பு முடியல. வேற ராஜா பாருங்க."

"வசனம்கூட வேணாம் தம்பி, சும்மா நில்லு. ரோடு வந்துரட்டும்."

கடைசி விழாவுக்கு மேடையை எங்கள் கோழிக்கூண்டை ஒட்டியே போட்டார். முதல்நாளே கப்பி வந்துவிட்டது. ஒய்பிதான் வரவில்லை. மாலையோடு காத்திருந்த மானேஜர் முகம் கறுத்துப் போனது. கிராணி மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைதட்டினார்.

அடுத்த வாரம் மனைவிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது. ஆபீசிலிருந்து ஓடிவந்த கிராணி, எல்லோரும் பதறிக்கொண்டிருக்க, குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"டயர் புதையல, பாத்தியா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியிலிருந்து மகளோடு திரும்பியபோது, என் அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் பிள்ளையை முதலில் கிராணி கையில்தான் கொடுத்தேன்.