துவைக்காமல் அனுப்பவும்

உலகத்தில் பெரிய முடிவுகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எடுக்கப்படுகின்றன. திங்கட்கிழமை காலையில் அவை வாபஸ் வாங்கப்படுகின்றன. நம்மாள் எடுத்த முடிவு மட்டும் திங்களைத் தாண்டி, செவ்வாய், புதன் என்று தாக்குப்பிடித்து, வியாழக்கிழமை வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கதையையே சொல்ல வேண்டியதாயிற்று.

நம்மாளுக்கு லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் போடும் உத்தியோகம். பதினேழு வருடமாக லிஃப்ட் பெட்டி வரைகிறார். எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும், கதவு எத்தனை நொடியில் மூடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறோமே என்ற ஏக்கம் கொஞ்ச நாளாகவே மனதை அரித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்.

"நான் தொழில் தொடங்கப்போறேன்."

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அவள் வாயில் நாலு குண்டூசி இருந்தது. சலவைக்கடைக்கு வரும் துணிகளில் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது அவள் வேலை. நாலு ஊசியையும் ஒரு கால்சட்டையில் குத்தி முடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"என்ன தொழில்?"

"செல்லப் பிராணிச் சாமான். முதல்ல பூனைக்கு."

"பூனை காசு கொடுக்குமா?"

"பூனை வளர்க்கிறவங்க கொடுப்பாங்க. இதுக்குப் பேரு க்ரவுட் ஃபண்டிங். இணையத்துல ஒரு பக்கம் திறந்து, நான் செய்யப்போற சாமானைக் காட்டுவேன். பிடிச்சவங்க முன்கூட்டியே பணம் கட்டுவாங்க. முப்பது நாள்ல இலக்கைத் தொட்டுட்டா மொத்தப் பணமும் நமக்கு. அதை வச்சுச் சாமானைச் செஞ்சு அனுப்ப வேண்டியதுதான்."

"தொடலைன்னா?"

"அவங்கவங்க பணம் அவங்கவங்களுக்கே போயிடும். நமக்கு ஒரு காசு நஷ்டமில்ல."

"மானம்?"

"அது கணக்குல வராது," என்றார் நம்மாள். "ஆனா ஒண்ணு. எனக்குப் பட்டறை வேணும். பின்னறையை எடுத்துக்கிறேன்."

இப்போதுதான் அம்மணி தலை நிமிர்ந்தாள்.

பின்னறை லேசுப்பட்ட அறையல்ல. சுவரில் பாதி ஜன்னல். காலையிலிருந்து மாலை வரை விளக்கே போட வேண்டாம். அதில் அப்போது குடியிருந்தவை பூட்டு உடைந்த இரண்டு சூட்கேஸ், சுற்றாத ஒரு மின்விசிறி, நம்மாள் வாங்கிய வாரமே கைவிட்ட ஓர் உடற்பயிற்சி சைக்கிள். அவளுடைய தையல் மெஷினோ குளியலறைக்குப் போகிற நடையில் கிடந்தது. வீட்டில் யார் குளிக்கப் போனாலும் அவள் எழுந்து, நாற்காலியை மடக்கி, வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நிற்க வேண்டும். குளித்துவிட்டு வரும்போது மறுபடி ஒருமுறை. குடிவந்த நாள் முதல் நாலு வருடமாக அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நம்மாளும் நாலு வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "பார்க்கலாம்."

"சரிங்க, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம்," என்றாள்.

"சொல்லு."

"முப்பது நாள்ல இலக்கைத் தொட்டுட்டா பின்னறை பூனைச் சாமான் வேலைக்கு. தொடலைன்னா என் மெஷினுக்கு. அப்புறம் 'பார்க்கலாம்'ங்கிற பேச்சே வரக்கூடாது."

"நீயும் அப்புறம் கண்ணைக் கசக்கக் கூடாது."

"நான் எதுக்குங்க கசக்கப்போறேன்?"

இருவரும் வீட்டுப் பூனையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். பூனையின் பெயர் துரை. பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார், வைத்ததைச் சாப்பிட மாட்டார், கூப்பிட்டால் வர மாட்டார். வேறென்ன பெயர் வைப்பது? சத்தியம் பாதியில் இருக்கும்போதே தலையை உருவிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மூன்று வாரம் ஹாலில் நடக்க முடியவில்லை. எங்கே பார்த்தாலும் பிளைவுட். நம்மாள் மூன்று சாமான் செய்தார். முதலாவது, நகம் கீறிக்கொள்ள ஒரு தூண். இரண்டாவது, நேரத்துக்குத் தானாகச் சாப்பாடு போடும் பெட்டி. அது நேரத்துக்குத்தான் போட்டது. தட்டில்தான் போடவில்லை. மூன்றாவதுதான் அவருடைய உயிர். பூனை மாளிகை. மூன்று தளம், ஏறி இறங்கச் சரிவுப் பாதை, தளத்துக்கு ஒரு கதவு. வாசலில் ஒரு சின்ன அறிவிப்பும் உண்டு: 'அதிகபட்சச் சுமை முப்பத்தாறு கிலோ.'

"துரை நாலு கிலோதானே?" என்றாள் மனைவி.

"பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப நீங்களும் உள்ள போய்ப் படுத்துக்கலாம்போல."

நம்மாள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீடியோ எடுக்க மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. புகைப்படக் கடை வைத்திருக்கிறான். இணையப் பக்கத்தைத் திறந்து நடத்துவதும் அவன் பொறுப்பு. காலை முழுக்க விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். துரை மாளிகையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அறிவிப்பைப் படித்தவர்போல் ஒரு நொடி நின்றார். அப்புறம் போயே போய்விட்டார்.

"மாமா, பூனை உள்ள போனாத்தான் வீடியோ. வெறும் பெட்டியைக் காட்டினா புறாக்கூண்டுன்னு நினைச்சுப்பாங்க."

நம்மாள் கெஞ்சினார். கொஞ்சினார். தரையில் தவழ்ந்து மூன்றாம் தளம் வரைக்கும் கையை விட்டு விளக்கம் கொடுத்தார். துரை பிடி கொடுக்கவில்லை.

மனைவி நடையிலிருந்தே கேட்டாள். "அவர் தினமும் எங்க படுக்கிறார்னு பார்த்திருக்கீங்களா?"

"எங்க?"

"அழுக்குக் கூடையில. உங்க சட்டை மேல. நீங்க ஆபீஸ் கிளம்பினதும் போய்ப் படுத்தார்னா, நீங்க வர்ற வரைக்கும் அசையறதில்ல."

நம்மாளுக்கு இது தெரியவே தெரியாது. தன்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் துரையா இப்படி? நெஞ்சு நெகிழ்ந்துபோய் நின்றார். அவர் நெகிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், மனைவி அந்தக் கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, பொத்தானையும் காலரையும் வெட்டி, உள்ளே வெட்டுத் துணியை அடைத்து, நாலு பக்கமும் மெஷினில் ஓட்டிவிட்டாள். இருபது நிமிடம். மெத்தை தயார். அதை மாளிகையின் தரைத்தளத்தில் போட்டாள். துரை வந்தார், முகர்ந்தார், மூன்று சுற்றுச் சுற்றி அதில் எழுந்தருளினார். கண்ணையும் மூடிக்கொண்டார். மச்சான் மூச்சுவிடாமல் படம் பிடித்தான்.

"அது நல்ல சட்டையாச்சே!" என்றார் நம்மாள்.

"காலர் கிழிஞ்சு ஆறு மாசமாச்சு. நீங்கதான் டை கட்டி மறைச்சுக்கிட்டிருந்தீங்க."

மச்சான் கேமராவை இறக்கினான். "அக்கா, இந்த மெத்தையையும் இணையப் பக்கத்துல சேர்த்துடவா? அவங்கவங்க பழைய சட்டையை அனுப்பட்டும். நாம மெத்தையாத் தச்சுத் திருப்பி அனுப்புவோம்."

"ஐயோ, வேண்டாம்டா. மாமாவோட மாளிகை எங்க, இந்தக் கந்தல் எங்க?"

இங்கேதான் நம்மாளின் பெருந்தன்மை பொங்கியது. "போட்டுக்கட்டும், பாவம். கடைசியா, சின்ன எழுத்துல."

போட்டதோடு விட்டாரா? பதினேழு வருடத் தொழில் சுத்தம் விடவில்லை. மச்சான் எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்து, கீழே தானே ஒரு வரி சேர்த்தார். 'துவைக்காமல் அனுப்பவும்.' அடிக்கோடும் போட்டார். "வாசனைதான் இதுல வேலை செய்யற பாகம். அதைப் போய்த் துவைச்சா எப்படி?"

முப்பது நாள் கணக்கு தொடங்கியது. முதல் வாரம் இலக்கில் நாலு சதவீதம். அதில் ஒரு மாளிகைக்குப் பணம் கட்டியது நம்மாளே. இரண்டாம் வாரம் ஒன்பது. நம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பின்னறையிலிருந்த சூட்கேஸ்களைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் நாள் யாரோ ஒரு கால்நடை டாக்டரம்மா அந்த வீடியோவைத் தன் பக்கத்தில் போட்டாள். அவ்வளவுதான். இருபத்திரண்டு. நாற்பது. அறுபத்தைந்து. லிஃப்டுக்குக் காத்திருப்பவர் கதவுக்கு மேலே எண்ணைப் பார்ப்பாரே, அப்படி நம்மாள் அந்தச் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே யார் ஏறியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. விவரமெல்லாம் மச்சான் பார்த்துக்கொள்வான்.

ஆனால் மனைவி அறையை ஒழிப்பதை நிறுத்தவில்லை. இதுதான் நம்மாளை உருக்கிவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தாள். இரண்டு நீள மேஜை வாங்கிப் போட்டாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆறு பிளக் வைக்கச் சொன்னாள்.

"ஆறு எதுக்கு? எனக்கு டிரில் மெஷின் ஒண்ணுதானே?"

"தொழில்னா சும்மாவா? நாளைக்குப் பெருசாகும்ல?"

"உனக்கு வருத்தமில்லையே?"

"எதுக்குங்க வருத்தம்? எவ்வளவு வெளிச்சம் வருது பாருங்க!"

நாலு வருடம் நடையில் உட்கார்ந்தவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை. நம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப்போய் இத்தனை நாள் சுவரோடு நிற்க வைத்தோமே என்று உண்மையாகவே வெட்கப்பட்டார். நடையில் அவளுக்கு ஒரு சின்ன விளக்கு வாங்கி மாட்டிக் கொடுப்பதென்று மனதுக்குள் முடிவும் செய்தார்.

இருபத்தெட்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், எண் நூறைத் தொட்டது. நம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. கேக் வாங்கி வந்தார். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கண்டுபிடிப்பாளர்களின் தனிமையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கேக் உருகிக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்ததும் மச்சானைப் பார்த்தார்.

"மாப்ள, பட்டியலைப் படி. மாளிகை எத்தனை?"

"ஒண்ணு மாமா."

"இன்னிக்கு எத்தனைன்னு கேக்கலை. மொத்தம் எத்தனை?"

"மொத்தமே ஒண்ணுதான். அதுவும் நீங்க கட்டினது."

நம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. "சாப்பாட்டுப் பெட்டி?"

"ரெண்டு. நேத்து ஒருத்தர் வேண்டாம்னுட்டார்."

"தூண்?"

"நாலு."

"அப்ப நூறு சதவீதம் எங்கேருந்துடா வந்துச்சு?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா கேக்கைப் பார்த்தாள்.

"மெத்தை, மாமா. ஆயிரத்து நானூத்தி முப்பது."

அடுத்த வாரமே பார்சல் வர ஆரம்பித்தது. மீன் கடைக்காரரின் சட்டை வந்தது. ஓட்டப் பயிற்சியாளரின் பனியன் வந்தது. பெயின்டர், மெக்கானிக், இரவுக் காவலாளி என்று சகல தொழிலும் வந்தது. எல்லாரும் அறிவிப்பைக் கவனமாகப் படித்திருந்தார்கள். அடிக்கோடு போட்டிருந்ததே! ஒருத்தர்கூடத் துவைக்கவில்லை. ஹாலில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. துரை வீட்டைத் துறந்து மாடிப்படிக்குக் குடிபோனார்.

நம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பார்சல் மலைக்கு நடுவில் நின்று, கடைசி அஸ்திரத்தை எடுத்தார். மாளிகை போனால் போகட்டும். சத்தியம் இருக்கிறது.

"இங்க பாரு. இலக்கைத் தொட்டாச்சு. பேசின பேச்சுப்படி பின்னறை எனக்குத்தான்."

"யாருங்க இல்லைன்னா?" மனைவி நிதானமாக நாலு ஊசியையும் வாயிலிருந்து எடுத்தாள். "நான் என்னிக்காவது பேச்சு மாறியிருக்கேனா? அறை உங்களோடதுதான்."

எழுந்து வந்து, புதுப் பூட்டின் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கியும் விட்டாள். நம்மாளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்ன இருந்தாலும் சொன்ன சொல் தவறாதவள். கைக்குட்டையை எடுத்துவிட்டு, அந்த நாற்றத்திலும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"காலையில எட்டு மணிக்கெல்லாம் திறந்து வச்சிடுங்க," என்றாள் மனைவி. "தைக்கிறதுக்கு அஞ்சு பேர் வர்றாங்க, வாசல்ல நிக்க வச்சுடாதீங்க."