உன் மச்சான் உயிரோடு இருக்கிறார்

கோட்டையூர்,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி பாண்டியராஜனுக்கு,

அக்கா காளீஸ்வரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். இங்கே நான் ஓரளவு நலம். உன் மச்சான் உயிரோடு நலம். 'உயிரோடு' என்பதை வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறேன். நேற்றுப் பகல் பதினொன்றே காலிலிருந்து ஒரு ஐந்து நிமிஷம் அவர் இறந்துவிட்டார் என்றே நான் நம்பினேன். போனில் சொன்னால் அவர் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ கொடுத்த கேமரா. நீ பெரிசாக ஒன்று வாங்கிக்கொண்டு, நான் ஓய்வு பெற்றதற்கு உன் பழசை எனக்குப் பரிசாகக் கொடுத்தாய். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே செய்த கேமரா, பொத்தானை அமுக்கினால் போதும் என்றாய். முதல் நாள் எடுத்த அறுபது படமும் ஒரே கறுப்பு; மூடியைக் கழற்ற வேண்டும் என்று நீ சொல்லவில்லை. அடுத்த வாரம் எல்லாமே மங்கலாக வந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று காரைக்குடிக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது, லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருக்கிறது, அதை யாரோ, அதாவது நான், தள்ளிவிட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் காதுகுத்தில் பிளாஷ் தானாக எழும்பி நின்று மின்னியதில் குழந்தை துள்ள, ஆசாரி ஊசியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். வீட்டில் உன் மச்சானை நிறுத்தி எடுக்கலாம் என்றால், நான் பொத்தானை அமுக்குகிற நேரம் பார்த்துத் தலையைத் திருப்புவார். நகராட்சியில் முப்பது வருஷம் இறப்புச் சான்றிதழ் எழுதிய மனிதர். படம் பிடிப்பது, சீரியல் பார்ப்பது எல்லாம் வேலையற்றவர்கள் செய்வது என்பது அவர் கட்சி. நாலு மாதமாக வாரத்தில் இரண்டு நாள், ஓய்வூதியர் சங்கத்தில் கூட்டம் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்விடுவார். நேற்றும் போனார்.

சரி, ஆள் இல்லாத நேரத்தில் நாமும் கிளம்புவோம் என்று பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் பிடித்துக் கண்டனூரில் இறங்கினேன். அங்கே பூட்டியே கிடக்கும் ஒரு வீட்டின் முகப்பில் சுதையில் யானையும் லட்சுமியும் இருக்கின்றன. அதை எடுக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. போனால் வீடு திறந்திருக்கிறது, வாசலில் நாலைந்து வேன்கள், யாரோ பந்தியில் இட்லி சாப்பிடுகிறார்கள். ஏதோ விசேஷம் என்று நினைத்துத் தெருவில் நின்றபடியே யானையை எடுத்தேன். அந்த வீடுகளில்தான் வாசலுக்கு நேர் வாசல் வைத்திருப்பார்களே, தெருவிலிருந்து பார்த்தால் கடைசிக் கட்டு வரை தெரியும். சும்மா லென்ஸை உள்ளே திருப்பி முழுதாக இழுத்துப் பார்த்தேன். வளவு முற்றத்தில் ஒரு பிரேதம் கிடத்தியிருந்தது. சுற்றிலும் பெண்கள் அழுதார்கள். சாவு வீட்டைப் படம் எடுக்கக் கூடாது என்று கையை எடுக்கப் போகிறேன், அதற்குள் அந்தக் கேமரா கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, சிவப்புப் புள்ளியைப் பிரேதத்தின் மூக்கில் வைத்துத் தெளிவாகக் காட்டிவிட்டது. அது உன் மச்சான் மூக்கு.

தம்பி, இருபத்தெட்டு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவள் நான். செத்தவர் யார், மயங்கியவர் யார் என்று தூரத்திலிருந்தே சொல்வேன். நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு, வயிறு ஏறவில்லை, இறங்கவில்லை. காலையில் என் கையால் உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போனவர். சங்கத்துக்குப் போகும் வழியில் விழுந்து, யாரோ முன்பின் தெரியாதவர்கள் தூக்கிவந்து போட்டு அழுகிறார்களே என்று நெஞ்சு நின்றுவிட்டது. விரல் மட்டும் பொத்தானிலேயே இருந்திருக்கிறது. பிறகு எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று படம். நான் எடுத்ததிலேயே அசங்காமல் கூர்மையாக வந்த படங்கள் அவைதான்.

உள்ளே எப்படி ஓடினேன் என்று தெரியாது. யாரும் தடுக்கவில்லை, பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "என்னய இங்குட்டு விட்டுட்டு எங்குட்டுப் போயிட்டீக" என்று மேலே விழுந்தேன். விழுந்தாலும் பழக்கம் போகுமா, கை தானாக நாடியைப் பிடித்தது. நாடி தொண்ணூற்றாறு. பிரேதம் ஒரு கண்ணைத் திறந்து, கட்டிய தாடைக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னது: "காளி, சத்தம் போடாத. டேக் போய்க்கிட்டிருக்கு."

செத்தவரைப் பார்த்து அலறியதைவிட அப்போதுதான் அதிகமாக அலறினேன். அதன் பிறகே ஓரத்தில் விளக்கு, குடை, பெரிய கேமரா எல்லாம் கண்ணில் பட்டன. நித்யஸ்ரீ என்று ஒரு பெண், உதவி இயக்குநராம், ஓடி வந்து தண்ணீர் கொடுத்தது. என்னை அழுவதற்கு எந்த ஏஜென்ட் அனுப்பினார் என்றும் கேட்டது.

வெளியே வேனுக்குப் பின்னால், கழுத்து மாலையோடு காகிதக் கப்பில் டீ குடித்துக்கொண்டே உன் மச்சான் விவரம் சொன்னார். நாலு மாதத்துக்கு முன் சீரியல் ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். பிரேதமாக வந்தவர் ஊதுபத்திப் புகைக்குத் தும்மிக்கொண்டே இருந்தாராம். இவரைப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஏழு தடவை செத்திருக்கிறார். மூச்சை அடக்குவதில் இந்தப் பக்கம் இவரைவிட்டால் ஆள் இல்லையாம். என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்றேன். சீரியல் பார்க்காதே என்று இருபது வருஷம் என்னைத் திட்டிவிட்டு எந்த மூஞ்சியோடு சொல்வது என்றார். பிறகு கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேலையில இருந்தப்ப என்னயப் பத்தி ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல காளி. அங்குட்டுப் படுத்துக் கெடந்தா எம்புட்டுப் பேரு நல்லதாச் சொல்லி அழுகுறாக. நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே கெடப்பேன்."

கல்யாணமான இந்த முப்பத்தாறு வருஷத்தில் நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன் தம்பி. உப்பு அதிகமா, மாத்திரை போட்டீர்களா, மோட்டாரை நிறுத்துங்கள். பஸ்ஸில் வீடு வரும்வரை நான் அவர் கையை விடவில்லை. நாடி பார்ப்பதாக அவர் நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் பயம் போகவில்லை. இன்று காலை சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தார். ஓடிப் போய் மூக்கில் கை வைத்தால், "இன்னைக்கு லீவு" என்கிறார். இப்படியே போனால் நிஜமாகவே ஒன்று நடக்கும்போது நடிப்பு என்று நினைத்து நான் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருப்பேன். ஆகையால் நீ இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும். மச்சானிடம் பக்குவமாகப் பேசி இந்தச் சாவுத் தொழிலை விடச் சொல்ல வேண்டும். கேமராவையும் எடுத்துக்கொண்டு போய்விடு. இருக்கிற கண்ணுக்குத் தெரிகிறது எனக்குப் போதும். என் மகளுக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியக் கூடாது.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, நல்ல படிப்போடு விளங்கட்டும். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா
காளீஸ்வரி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அந்த நித்யஸ்ரீ வீட்டுக்கே வந்துவிட்டது. நான் அழுததை இயக்குநர் வெட்டவில்லையாம், அப்படியே வைத்துக்கொண்டாராம். அதனால் கருமாதி வரைக்கும் பிரேதத்தின் மனைவியாக நான்தான் வர வேண்டுமாம். முடியவே முடியாது என்றுதான் சொன்னேன். உள்ளேயிருந்து உன் மச்சான், "அவளுக்கு அதெல்லாம் வராது" என்றார். உடனே சம்மதித்துவிட்டேன். சுவரில் மாலை போட்டு மாட்ட அவர் படம் ஒன்றும் கேட்டார்கள், கண் திறந்தபடி. மத்தியானம் ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் படம் இது. கேமராவை நீ எடுத்துக்கொண்டு போக வேண்டாம். முடிந்தால் இன்னொரு பேட்டரி வாங்கி அனுப்பு. மகளுக்கு நானே சொல்லிவிட்டேன், எந்தச் சேனல், எத்தனை மணி என்று. ஞாயிற்றுக்கிழமை வராதே, வீட்டில் ஆள் இருக்காது. காலை ஏழு மணிக்கெல்லாம் நான் விதவையாகத் தயாராக இருக்க வேண்டுமாம்.