கலியாணக் கோட்டின் அளவு

சேசு மரி சூசை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
17.11.1987

அன்புள்ள நீக்கிலாப்பிள்ளை அத்தானுக்கு,

மடு மாதாவின் தயவால் நானும் செலீனும் சுகம். அக்காவும் பிள்ளைகளும் உங்கள் தையல் மெசினும் சுகமாயிருக்கச் செபிக்கிறோம்.

என் கலியாணக் கோட்டை இறுக்கித் தைத்தீர்கள் என்று மூன்று வருடம் உங்களோடு கதையாமல் இருந்தவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். கோபம் ஆறவில்லை, தேவை வந்துவிட்டது. அகதி விண்ணப்பத்துக்குக் கைரேகை எடுக்கக் குடிவரவுக் கந்தோரில் மூன்று தரம் கூப்பிட்டார்கள். மூன்று தரமும் கடதாசியில் மை அப்பியதே தவிர ஒரு கோடு விழவில்லை. இரண்டு வருடம் தோலை அரிக்கிற சோடாப் பொடி போட்டுச் சாப்பாட்டுக் கடைச் சட்டிகளைக் கழுவினால் ரேகை எங்கே இருக்கும்? "நீர் அருமைநாதன்தான் எண்டதுக்கு வேற என்ன அத்தாட்சி எண்டு கேக்கினம்" என்றார் மொழிபெயர்க்க வந்த பேரின்பநாதன். பக்கத்தில் செலீன் நிற்கிறாள். பெண்சாதி சொல்வது செல்லாதாம்! எனக்கு வந்ததே விசர்.

மேல்மாடிக் கனகமணி ரீச்சர்தான் வழி காட்டினார். "கைரேகை வாறதுக்கு முந்திப் பாரிசில பொலிசார் கள்ளரை அளந்துதான் அடையாளம் வச்சவை. தலை, காது, நடுவிரல், இடக்கால் பாதம். வளந்த ஆளின்ர எலும்பு மாறாது தம்பி." பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததைப் பிரெஞ்சு பேசுகிற ஊரில் எப்படி மறுப்பார்கள்? மறுநாளே போய் மேசையில் தட்டி, "கள்ளனை அளக்கிற மாதிரியே என்னை அளந்து பாருங்கோ! ஊரில என்ர அளவு எழுத்தில கிடக்கு" என்றேன். பேரின்பநாதன் மொழிபெயர்க்கப் பயந்து தண்ணீர் குடித்தார். நான் விடவில்லை. ஒரு மாதம் தவணை தந்திருக்கிறார்கள். தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று செலீன் அழுகிறாள். எனக்கும் பயம்தான், ஆனால் அவர்களுக்குக் காட்டமாட்டேன்.

ஆகவே உங்கள் 1984ஆம் ஆண்டு அளவுக் கொப்பியில் என் பக்கத்தை எடுத்து, பங்குத்தந்தையின் கையெழுத்தோடு உடனே அனுப்புங்கள். தோள், கை, கால் போதும். இடுப்பை மை பூசி மறையுங்கள், அது எலும்பல்ல. கலியாணப் பந்தலில் உங்களை ஏசியதில் ஒரு சொல்லையும் திருப்பி வாங்கமாட்டேன். அளவு சரி, வெட்டுத்தான் பிழை.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளை மாதா காப்பாளாக.

யார் நம்பாவிட்டாலும் உங்கள் மைத்துனன்,
அருமைநாதன்

பி.கு.: உறை ஒட்டுமுன் செலீன் வாசித்தாள். "உந்தக் கோட்டுக்கு அளவு குடுத்தது உங்கட தம்பி பேனாட் எல்லோ! நீங்க அண்டைக்குத் தலைமன்னார் போயிட்டியளாம், அவரே எனக்குச் சொன்னவர்" என்கிறாள். இப்போது எனக்கும் நினைவு வருகிறது; பந்தலில் நீங்கள் சொல்ல வந்ததை நான்தான் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை அனுப்ப வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். பேனாட் இங்கே வந்தால் உதவும். நான் இன்றிலிருந்து ரப்பர் கையுறை போட்டுத்தான் சட்டி கழுவுகிறேன். ரேகை முளைக்கட்டும், மாத முடிவில் மறுபடி விரலை வைப்பேன். அத்தான், மன்னியுங்கள். கோட்டுச் சரி, ஆள்தான் பிழை. இதை மட்டும் இங்கே யாருக்கும் எழுதிவிடாதீர்கள்.