ஐந்து தட்டு

"ஒருத்தர்தான் இருக்கீங்கன்னா அஞ்சு தட்டு எதுக்கு?" என்று கேட்டார் வி.ஏ.ஓ. கலைவாணி.

தசரதன் அடுப்படியைப் பார்த்தான். காலையில் கழுவிக் கவிழ்த்த ஐந்து தட்டுகளும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

"சாப்புடறது ஒண்ணுலதான் மேடம். மத்த நாலையும் சும்மா கழுவி வெப்பேன்."

"சும்மா யாராவது கழுவுவாங்களா?"

பிளஸ் டூ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, எட்டு ஆண்டுகளாகக் காத்திருப்பவன் தசரதன். வேலையில்லாதோர் உதவித்தொகை கிடைத்தால் மாதம் நானூறு ரூபாய். அதற்குக் குடும்ப வருமானம் குறைவாக இருக்கவேண்டும். ரேஷன் கார்டிலோ அண்ணன் ராஜாக்கண்ணு, அண்ணி ஈஸ்வரி, இரண்டு பிள்ளைகள் என எல்லோரும் இருந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் அவர்கள் வாங்குகிற சம்பளம், ஜவ்வாது மலையில் களி கிண்டித் தின்கிற தசரதனின் வருமானமாகிவிட்டது.

"கார்டுலதான் மேடம் அஞ்சு பேரு. வூட்டுல நான் ஒண்டிதான். பொங்கலுக்குக்கூட அவங்க வர்ல."

அது உண்மை. பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ரேடியோவில் வானிலை அறிக்கை வாசிப்பவருக்கு, "சரிங்க" என்று பதில் சொல்வான்.

கலைவாணி இந்த மாதம்தான் மலைக்கு மாற்றலாகி வந்தவர். எதையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். வாசலில் இரண்டு ஜோடி சின்னச் செருப்புகள் கிடந்தன. கொடியில் ஒரு சேலை தொங்கியது.

"இது யார் சேலை?"

"அண்ணியோட பழசுங்க. கொடியில ஒண்ணு தொங்குனா வூடு வூடு மாதிரி இருக்கும்."

"திங்கக்கிழமை திரும்ப வர்றேன். நீங்க தனியாதான் இருக்கீங்கன்னு என் கண்ணுக்குத் தெரியணும். வீட்டு வரி ரசீதும் எடுத்து வைங்க."

கூட வந்த கிராம உதவியாளர் தீர்த்தகிரி பைக்கைக் கிளப்பினார்.

அன்றே தசரதன் நான்கு தட்டு, செருப்பு, சேலை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் போனான்.

"இன்னாடா, வூட்ட காலி பண்றியா?"

"தனியா இருக்கறவன் மாதிரி தெரியணும்க்கா."

"நீ தனியாதானடா கீறே?"

"இருந்தா போதாதாம். தெரியணுமாம்."

சனிக்கிழமை அந்த வழியாகப் போன தீர்த்தகிரி உள்ளே எட்டிப்பார்த்தார். "இன்னாப்பா இது, ஆளே இல்லாத வூடு மாதிரி கீது. குடியே இல்லன்னு எழுதிடப் போறாங்க."

தசரதன் ஓடிப்போய் ஒரு தட்டைத் திருப்பி வாங்கிவந்தான். கொடியில் தன் லுங்கியைத் தொங்கவிட்டான். வீடு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. இதுவரை தட்டுகளாவது துணைக்கு இருந்தன.

வரி ரசீது திருப்பூரில் அண்ணனிடம் இருந்தது. பச்சையம்மா சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று போன் போட்டாள். அங்கே நின்று என்னதான் சொன்னாளோ, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ராஜாக்கண்ணு ரசீதோடு வந்து இறங்கினான். பின்னால் அண்ணி, பிள்ளைகள், ஒரு கோழி.

"சர்க்காரு நம்ம வூட்ட எழுதிக்கப் போவுதாமே?" என்று பதறினான் ராஜாக்கண்ணு.

தசரதன் மற்ற தட்டுகளையும் செருப்பையும் சேலையையும் எடுத்துவர ஓடினான். பிள்ளைகள் பழைய செருப்புகளில் காலை நுழைத்துப் பார்த்தார்கள். நுழையவில்லை. அவன் அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கலைவாணி வந்தபோது ஐந்து தட்டிலும் கோழிக்குழம்பு இருந்தது. கொடியில் இரண்டு சேலைகள் தொங்கின.

"இங்க யார் யார் குடியிருக்கீங்க?"

ராஜாக்கண்ணு முந்திக்கொண்டான். "நாங்க எல்லாருந்தாங்க. ஒரே குடும்பம், ஒரே அடுப்பு. இந்தாங்க ரசீது."

கலைவாணி தசரதனைப் பார்த்தார். அவன் வாய் நிறையச் சோறு.

'கூட்டுக் குடும்பம். பரிந்துரைக்க இயலாது' என்று எழுதி, பேனாவை மூடினார்.

தசரதன் சோற்றை விழுங்கிவிட்டுக் கேட்டான். "அடுத்த வருசம் மறுபடி மனு போடலாங்களா மேடம்?"

"போடுங்க."

வளைவில் பைக் இறங்கும்போது கலைவாணிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் தசரதன், தீர்த்தகிரி. தட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு எவ்ளோ அலைஞ்சாருன்னு நீங்கதான சொன்னீங்க. அடுத்த வருசம் எதையும் பாக்காம கையெழுத்துப் போட்டுடலாம்."

தீர்த்தகிரி பைக்கை நிறுத்தியேவிட்டார்.

"போட்டுடாதீங்க மேடம். பணம் வந்துட்டா விசாரணைக்கு நாம வரமாட்டோம், நாம வரலன்னா அவங்க அண்ணனும் வரமாட்டாரு. சர்க்காரு வூட்ட எழுதிக்கப் போவுதுன்னு பச்சையம்மாவ வருசா வருசம் போன் பண்ணச் சொல்றதே தசரதன்தான்."