மாட்டிறைச்சிக் கேசரோலும் மேல்வீட்டு மாப்பிள்ளையும்

வேலை முடிந்து வீட்டுக்கு வரும் மனிதனை வீழ்த்துவது சுலபம். அவன் வாசலில் குனிந்து பனிச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கும்போது, "இன்னைக்கு ராத்திரிக்கு என்ன?" என்று கேட்டால் போதும். அப்படியே உட்கார்ந்துவிடுவான். திங்கட்கிழமை எவ்வளவு நல்ல பதில் சொல்லியிருந்தாலும் செவ்வாய்க்கிழமை அதே கேள்வி வந்து நிற்கும். உலகத்தில் வேறெந்தக் கேள்விக்கும் இவ்வளவு ஆயுள் கிடையாது.

அப்போது நாங்கள் கனடாவின் ஸ்கார்பரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தோம். நான், மனைவி ரீனா, முதல் வகுப்புப் படிக்கும் மகள் ஜோஆன். நாகர்கோவிலில் நர்ஸாக இருந்த ரீனா, இங்கே அதே வேலையில் மறுபடி சேர்வதற்காக மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆகவே வாரநாள் இரவுச் சாப்பாடு என் இலாகாவுக்கு வந்து சேர்ந்தது. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர். அடுத்தவர் செய்த வேலையில் எங்கே தவறு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். (இன்றுவரை தருகிறார்கள். இந்தக் கதை அலுவலகத்துக்குத் தெரியாது.)

எனக்குத் தெரிந்த சமையல் முட்டை. பொரித்த முட்டை, அவித்த முட்டை, குழம்பில் போட்ட முட்டை. நான்காவதாக ஒன்றும் உண்டு, பொரிக்கும்போது கலைந்துபோன முட்டை. ஜோஆன் ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, நாம ஏழையா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டாள். அன்றைக்குக் கடையில் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த நாளும் வாங்கினேன். அப்படியே போனால் அவள் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டேன்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை டெப்ரா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வழிகாட்டினாள். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள். மலிவு விலையில் கிரவுண்ட் பீஃப் (அரைத்த மாட்டிறைச்சி) வாங்கு, வெங்காயத்தோடு வதக்கு, டின் தக்காளி ஊற்று, அவித்த மக்ரோனியைச் சேர் என்றாள். "எல்லாத்தையும் கேசரோல்ல கொட்டி, மேல சீஸ் தூவி, அடுப்புக்கு அடியில இருக்கிற அவன்ல வெச்சிடு. அப்புறம் மறந்துடு. ரெண்டு மூணு நாளைக்கு வரும்." அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் மனத்துக்குள் தமிழில் எழுதிக்கொண்டேன். நாங்கள் நாகர்கோவில் கிறிஸ்தவர்கள், மாட்டிறைச்சி எங்களுக்குப் புதிதல்ல. இரண்டு மூன்று நாள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்பதுதான் எனக்குப் புதிது. கண் கலங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய சந்தோஷம், எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கேசரோல் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்தது. மெரூன் நிறம், மேலே வெள்ளைப் பூக்கள், உள்ளே பளபளவென்று எவர்சில்வர். சப்பாத்தி சுட்டு அதில் போட்டு மூடினால் மத்தியானம் வரை சூடாக இருக்கும். அதன் அடியில் ஆங்கிலத்தில் கேசரோல் என்றே அச்சடித்திருந்தது. டெப்ரா வீட்டுக் கேசரோல் என்பது கண்ணாடியிலோ பீங்கானிலோ செய்த ஒரு தட்டம் என்றும், அதில் வேகும் சாப்பாட்டுக்கும் அதே பெயர்தான் என்றும் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம், சூடு போகாமல் காக்கும் பிளாஸ்டிக் டப்பா.

இப்போது மேல்வீடு. வீட்டுக்காரர் சிவம் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவர் மனைவி பவளம் அன்ரி (ஆன்ட்டியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்), அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். ஒரே மகள் தர்ஷிகா வங்கியில் வேலை பார்த்தாள். நான் இறைச்சி வாங்கி வந்த அன்று அன்ரி படியில் இறங்கி வந்து நின்றார்.

"தம்பி, நாளைக்குப் பின்னேரம் தர்ஷிகாவைப் பாக்க ஒஷாவாவிலை இருந்து ஆக்கள் வருகினம். பெடியனுக்குச் சனி ஞாயிறும் வேலை, அதாலைதான் கிழமை நாளிலை. பிள்ளை கத்தி விளையாடாமல் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ."

"சத்தமே வராது அன்ரி," என்றேன்.

மறுநாள் மாலை வீட்டு முன்னால் ஒரு பெரிய வண்டி நின்றது. நான் என் காரைத் தெருவில் விட்டுவிட்டு, பெருக்கிக் குவித்த பனியைத் தாண்டிப் பின்வாசல் வழியாகக் கீழே இறங்கினேன். மேலே பட்டுப்புடவைகள் நடக்கும் சத்தம். வடை பொரிக்கும் மணம். ஜோஆனுக்கு நிறம் தீட்டும் புத்தகத்தைக் கொடுத்து மௌனமாக்கினேன். பிறகு சமையலில் இறங்கினேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை, இறைச்சி நன்றாகவே வந்தது. டெப்ரா சொல்லாத இஞ்சி பூண்டும் மிளகாய்த் தூளும் கறிவேப்பிலையும் நானாகச் சேர்த்தேன். மக்ரோனியைக் கலந்து, மெரூன் டப்பாவில் நிரப்பி, சீஸைத் தூவினேன். சூடான அவனுக்குள் அதை வைக்கும்போது ஒரு நொடி கை தயங்கியது. வெளியே பிளாஸ்டிக் ஆயிற்றே என்று. ஆனால் மூளை உடனே சமாதானம் சொன்னது. சூட்டைக் காப்பதற்கென்றே செய்த பாத்திரத்துக்குச் சூடு தாங்கத் தெரியாதா? (டெஸ்டர் மூளை.) டெப்ராவின் கடைசிக் கட்டளையைத்தான் நான் பிசகாமல் நிறைவேற்றினேன். சோபாவில் உட்கார்ந்தேன், மறந்தேன். அதாவது, தூங்கிவிட்டேன்.

"அப்பா, அவன் புகை விடறான்."

ஜோஆன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"எவன்?"

"அவன்."

"அதான், எவன்?"

"கிச்சன்ல இருக்கானே, அவன்."

திருடன் சமையலறையில் நின்று சிகரெட் பிடிக்கிறான் என்று நினைத்து எழுந்து ஓடினேன். திருடனாகவே இருந்திருக்கலாம். அவனின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மெரூன் நிறத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் உருகிச் சொட்டுச் சொட்டாக அடியிலிருந்த சூட்டுக் கம்பியில் விழ, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சிறு சுடர். கதவைத் திறக்காமல் அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். நான் திறந்தேன். உள்ளேயிருந்த கரும்புகை முழுவதும் என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தது. உடனே கூரையில் இருந்த அலாரம் அலறியது. அந்த வீட்டில் எல்லா அலாரங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. ஒன்று அலறினால் வீடு முழுவதும் அலறும். சத்தமே வராது என்று நான் வாக்குக் கொடுத்த வீடு.

புகையும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டையும் மேல்வீட்டையும் ஒரே ஹீட்டர்தான் சூடாக்கியது. காற்று போகும் குழாய் வழியாக, உருகிய பிளாஸ்டிக்கின் நாற்றமும் மசாலா போட்ட இறைச்சியின் மணமும் கைகோத்துக்கொண்டு மேலே போய், பெண் பார்க்க வந்தவர்களின் காலடியில் இருந்த துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தன.

நான் அவனை அணைத்துவிட்டு ஜோஆனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, மேல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே பனியில் நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா பச்சைப் பட்டுப்புடவையில், காலில் சிவம் அண்ணையின் பெரிய பனிச் சப்பாத்தோடு நின்றார். மாப்பிள்ளையின் அப்பா கையில் தேநீர்க் கோப்பை, அவசரத்தில் வைக்க மறந்தது. பவளம் அன்ரி வடைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். புடவை கட்டியிருந்த தர்ஷிகாவின் தோளில் யாருடையதோ ஒரு கறுப்பு ஜாக்கெட். மாப்பிள்ளைப் பையன் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்ததிலிருந்து அது யாருடையது என்று புரிந்தது.

"தம்பி, பிள்ளைக்கு ஒண்டுமில்லையே?" என்று சிவம் அண்ணை கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. ஹெல்மெட்டும் கனத்த உடுப்பும் அணிந்தவர்கள் கீழே இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருவர் நீண்ட இடுக்கியில் எதையோ பிடித்துக்கொண்டு வந்து பனிமேல் வைத்தார். 'ஸ்ஸ்' என்றது. நடுவில் எவர்சில்வர் கிண்ணம், அதில் சீஸ் பொன்னிறமாகப் பொங்கிய இறைச்சி. அதைச் சுற்றி, பாதி வழிந்து பாதி உறைந்து, என் மாமியாரின் அன்பு.

"என்ன இது?" என்று அந்த மனிதர் என்னைக் கேட்டார்.

"கேசரோல்."

"அது தெரியுது. எதுக்குள்ள வெச்சிருந்தீங்க?"

"கேசரோலுக்குள்ள."

அவர் என்னையே பார்த்தார். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. பிறகு குனிந்து ஒருமுறை மூக்கால் இழுத்துவிட்டு, "கிரவுண்ட் பீஃபா? மணம் நல்லாத்தான் இருக்கு," என்று தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அலாரம் அப்போதுதான் நின்றிருந்தது. அந்த அமைதியில் அந்தச் சொல் எல்லோர் காதிலும் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சிவம் அண்ணையைப் பார்த்தார்.

"உங்கடை வீட்டுக்குள்ளை உதெல்லாம் சமைக்க விடுறனீங்களோ?"

வீடு போயிற்று. ஒரு பெண்ணின் கல்யாணமும் போயிற்று. ரீனா வகுப்பு முடிந்து வரும்போது பெட்டிகள் தெருவில் இருக்கும். சிவம் அண்ணை குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"கீழ்வீடு அவையின்ரை வீடு. அவை அங்கை என்ன சாப்பிடுகினம் எண்டு நான் கேக்கிறேல்லை."

அன்ரி அவர் கையைக் கிள்ளினார். (அது எனக்குத் தெரிந்தது. கிள்ளியதும் அவர் அசையாமல் நின்றதும்.) மாப்பிள்ளையின் அம்மா வண்டியைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தார். அப்போதுதான் அதுவரை வாயே திறக்காமல் இருந்த பையன் பற்கள் தந்தியடிக்கப் பேசினான்.

"அம்மா, நானும் வேலையிலை சாப்பிடுறனான்."

"என்னத்தை?"

"உதைத்தான்."

"எதை?"

அவன் பனியில் கிடந்ததைக் கையால் காட்டினான். "பர்கர். மத்தியானத்திலை அநேகமா அதுதான்."

எல்லோரும் என்னை மறந்தார்கள். அந்த அம்மாவின் முழுக் கோபமும் என்னைக் கடந்து மகன்மேல் போய் இறங்கியது. அவன் அப்பா கோப்பையில் இருந்த ஆறிய தேநீரைக் கவனமாகக் குடிக்கத் தொடங்கினார். அவருக்கு ஏற்கெனவே தெரியும் போலிருந்தது. தர்ஷிகா ஜாக்கெட்டின் கையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர. பையன் அவளைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்துவிட்டான். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் வடையைத் தொடாமலேயே ஒஷாவாவுக்குத் திரும்பிப் போனார்கள். ஜாக்கெட் மட்டும் தர்ஷிகாவிடம் தங்கிவிட்டது.

ரீனா வந்தபோது எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. நானும் ஜோஆனும் கோட்டும் குல்லாவும் போட்டபடி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அன்ரி கீழே கொடுத்தனுப்பிய வடையும் கேசரியும் தின்றுகொண்டிருந்தோம்.

"என்ன விசேஷம்?" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். பிறகு அலமாரியில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். "அம்மா குடுத்த கேசரோல் எங்க?"

"வெளிய, பனியில."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டு, "நாளைக்கு முட்டையே போதும்," என்றாள்.

மறுநாள் சிவம் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். புது அவனுக்கு என்ன செலவானாலும் தருகிறேன் என்றேன். "அதை விடும் தம்பி, அது பழசு," என்றார். அன்ரிதான் சில வாரங்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கத் தர்ஷிகா ஒருநாள் போனாள். அதற்குப் பிறகு கொடுக்க எதுவும் இல்லாமலும் அடிக்கடி போனாள். பெண் பார்க்க வந்த அன்று உள்ளே உட்கார்ந்திருந்தபோது அந்தப் பையன் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றி மட்டும்தான் பேசினானாம். "வெளியிலை நிண்டு நடுங்கேக்கைதான் ஆளைத் தெரிஞ்சுது, அண்ணா," என்று பிறகு என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மாவைச் சம்மதிக்க வைக்க நீண்ட காலம் ஆயிற்று. கல்யாண மண்டபத்தில் அவர் என்னைக் கண்டதும், பந்தியில் வேறொரு மேசைக்கு மாறி உட்கார்ந்தார்.

இப்போது அவர்கள் ஒஷாவாவில் வீடு வாங்கிவிட்டார்கள். எப்படிச் சந்தித்தீர்கள் என்று யார் கேட்டாலும் இருவரும் ஒரே குரலில் "கேசரோல்" என்பார்கள். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெரியாதவர்கள் தலையாட்டிக்கொள்வார்கள்.

அவர்களுடைய புதுமனைப் புகுவிழாவுக்கு வேலையிலிருந்து நேராகப் போயிருந்தேன். நெடுஞ்சாலையில் நெரிசல், பசி, காலில் வலி. ஒரு மூலையில் தட்டோடு உட்கார்ந்தபோது, முன்பின் தெரியாத ஓர் அன்ரி பக்கத்தில் வந்து அமர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீங்கள்தானே அந்தக் கேசரோலை வச்ச ஆள்? தர்ஷிகா சொன்னவ. என்ரை மகனுக்கும் வயசு போகுது, எத்தினையோ கலியாண ஆப்பிலை பதிஞ்சு பாத்திட்டம். உந்தக் கேசரோலிலையும் அவன்ரை பேரை ஒருக்காப் பதிஞ்சு விடேலுமோ?"

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். டெப்ரா, டப்பா, புகை, பனி. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஓம் அன்ரி," என்றேன். "படமும் விவரமும் அனுப்பி விடுங்கோ."