ஓட்டியவர்

என் வீழ்ச்சிக்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து. அதை என் கையாலேயே எழுதினேன் என்பதுதான் வருத்தம்.

என் மனைவி சியாமளா, விஷ்ராந்த்வாடியில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் ஞாயிறுதோறும் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறாள். பன்னிரண்டு பெண்கள், இருபத்துநான்கு கால்கள். கீழ்வீட்டு ஸ்டீபன் சார் புகார் சொல்வதில்லை. அவர் பக்கத்து லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயரானவர். தலைக்கு மேல் சத்தம் கேட்டால்தான் அவருக்குத் தூக்கமே வரும்.

வகுப்பில் தாளத்துக்குத் தட்டுக்கழி தட்டிக்கொண்டிருந்த பானு, கல்யாணமாகி நாக்பூர் போய்விட்டாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் மரக்கட்டையைக் கழியால் தட்ட வேண்டும். விண்ணப்பிக்காமலேயே நான் தேர்வானேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து நீங்கதான் தட்டறீங்க."

"முடியாது. ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். லோஹேகாவிலிருந்து ஒரு விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"விமானம் ஓட்டப் போறேன்."

"ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடவே வாட்ச்மேனைக் கூப்பிடறீங்க."

"ரிமோட் விமானம். பொம்மை. பெரிய பெரிய ஆளுங்களெல்லாம் ஓட்டறாங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அன்றைக்கே ஆன்லைனில் ஒன்று ஆர்டர் செய்தேன். இருப்பதிலேயே மலிவானது. தெர்மாகோல் மாதிரி உடம்பு. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய இறக்கை. ரிமோட்டில் இரண்டு குச்சி. இடது குச்சி வேகத்துக்கு, வலது குச்சி திருப்பத்துக்கு.

"ரெண்டு குச்சியா?" என்றாள் சியாமளா. "நான் ஒரே ஒரு குச்சியைத்தானே தட்டச் சொன்னேன்."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். எனக்கு மூன்று வாரம் அவகாசம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கம்பீரமாக எழுதினேன்: 'விமானம் முழு வட்டம் அடித்துக் காலடியில் இறங்கினால், இனி ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டியவன் இஷ்டம். மற்றவர் மறுபேச்சுப் பேசக் கூடாது.'

சியாமளா படித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"என்னங்க இது, 'ஓட்டியவன்'? உங்களைப் போய் 'வன்'னா? மரியாதையா 'ஓட்டியவர்'னு எழுதுங்க."

பதினாறு வருட தாம்பத்தியத்தில் முதல் மரியாதை. ‘ன்’னை அடித்துவிட்டு ‘ர்’ போட்டேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஜெயிப்பேன் என்று நான் நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சியாமளாவுக்கு இடது வலது தெரியாது. வகுப்பில் பெண்களுக்கு எதிரே நின்று, "வலது கால்" என்று சொல்லிவிட்டு இடது காலைத் தூக்குவாள். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். மனசு நோகுமே என்று ஒரு நாள் கூட சொல்லிக்காட்டியதில்லை. அப்படிப்பட்டவளால் என் விமானத்தில் என்ன குற்றம் கண்டுபிடித்துவிட முடியும்?

பயிற்சி ஆரம்பமானது. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் எங்கள் பேட்டையில் பறக்கவிடக் கூடாது. ஆளந்தி ரோட்டில் வெகுதூரம் போய், அறுவடை முடிந்த ஒரு சோளக் காட்டைப் பிடித்தேன். குருவாக ஸ்டீபன் சாரை அழைத்துப் போனேன்.

விமானம் என்னைவிட்டுப் போகும்போது அருமையாகப் போனது. திரும்பி வரும்போதுதான் தகராறு. வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போய்க் கருவேல மரத்தில் உட்கார்ந்தது.

"அரே சார், அது இப்ப உங்களைப் பாத்துல்லா வருது! உங்க வலது அதுக்கு இடது. உல்டா திருப்புங்க, உல்டா!"

உல்டாவாகத் திருப்பினேன். அதற்குள் அது என்னைத் தாண்டிப் போயிருந்தது. அடுத்த மரம்.

"சார், நீங்க எந்த விமானம் ஓட்டினீங்க?" என்று முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கேட்டேன்.

"நான் எங்க ஓட்டுனேன்? மெஸ்ஸுல இருந்தேன். ஓட்டுனவனுக்கெல்லாம் முட்டை பொரிச்சுக் கொடுத்தேன்."

மூன்றாவது வாரம் அதில் விமானத்தைவிட செல்லோடேப் அதிகமாக இருந்தது.

"எங்கதான் தப்பு நடக்குது?" என்று சாம்பாரைக் கிண்டியபடி சியாமளா கேட்டாள். எதிரே வரும்போது இடது வலதாகிவிடும் விஷயத்தை அரை மணி நேரம் விளக்கினேன். சாம்பாரில் உப்புப் போட்டாள். பாவம், புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு நாள் வந்தது. ஞாயிறு காலை ஆறரை மணி, அதே சோளக் காடு. சியாமளா கைப்பையோடு நின்றாள். நடுவர் ஸ்டீபன் சார்.

விமானத்தை வீசினேன். ஏறியது. அழகாகப் பாதி வட்டம் அடித்தது. பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பியது. உல்டா என்று நினைத்தேன். இல்லை, உல்டாவுக்கு உல்டா என்று நினைத்தேன். அது ஸ்டீபன் சாரின் வழுக்கையைக் குறி வைத்து வந்தது.

"சார், சார், சார்!" என்று அவர் குனிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கரண்டியை வாங்குவதுபோல யாரோ என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார்கள். கண்ணைத் திறந்தபோது விமானம் என் செருப்பின் பக்கத்தில் சாதுவாக இறங்கியிருந்தது.

"பாதி வட்டம் நான்தான் ஓட்டினேன்" என்றேன்.

"நியாயம்தான்" என்றாள். விமானத்தை எடுத்தாள். வீசினாள். முழு வட்டம். எதிரே வந்தபோது அவள் புருவம்கூட அசையவில்லை. மறுபடி அதே செருப்பு.

"எப்படி?"

"வாராவாரம் எதிர்ல நிக்கறது நான்தானே? பிள்ளைங்க வலது காலைத் தூக்கணும்னா நான் இடது காலைத் தூக்கிக் காட்டணும். இந்த விமானமும் எதிர்ல வர்ற பிள்ளைதானே? இதுக்கா மூணு வாரம்?"

என் பதினாறு வருட ரகசியம் அந்த இடத்தில் காலமானது.

"சரி, ஆனா ஒப்பந்தம் எனக்குத்தான்" என்றேன் கடைசித் துணிச்சலாக.

சியாமளா கைப்பையைத் திறந்து காலண்டர் தாளை எடுத்து ஸ்டீபன் சாரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"‘ஓட்டியவர்’னுல்லா இருக்கு, சார். ஆம்பளைன்னா ‘வன்’னு போட்டிருக்கணும். இது மேடத்துக்கும் பொருந்தும். கீழ உங்க கையெழுத்து வேற."

எட்டரைக்கு வகுப்பு ஆரம்பமானது. சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டினேன். தையா தை, தையா தை. ஜன்னலுக்கு வெளியே லோஹேகாவிலிருந்து ஒரு விமானம் ஏறியது. கண் அங்கே போனது. தாளம் தப்பியது. இருபத்துநான்கு கால்களும் அந்தரத்தில் நின்றன.

சியாமளா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க கட்டையைப் பாருங்க. ஆகாயத்தை ஓட்டியவர் பாத்துக்குவார்."